நண்பரைச் சொல்லி அனுப்பினால் 50 பவுண்: எங்கள் சி.ஐ.எஸ். கணக்குச் சேவையின் அறிமுகப் பரிசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலும் அதைச் சுற்றியும் கட்டட வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்கு சி.ஐ.எஸ். கணக்குப் பார்ப்பது எங்கள் தொழில். கட்டுமானத் துறைக்கென்று பிரித்தானிய வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. வைத்திருக்கும் வரிப் பிடித்தத் திட்டம்தான் சி.ஐ.எஸ்.: வேலை கொடுக்கும் ஒப்பந்தக்காரர் கூலியில் ஒரு பங்கை வரிக்காகப் பிடித்து எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்டுவார். துணை ஒப்பந்தக்காரராக வேலை செய்பவருக்குப் பதிவு, கிழமைச் சம்பளக் கணக்கு, வருட வரிக் கணக்கு எல்லாம் பார்க்கிறோம். ஆள் வைத்து வேலை செய்விக்கும் ஒப்பந்தக்காரருக்கு மாத அறிக்கை போடுகிறோம். விளம்பரம் பார்த்து வருபவர்கள் குறைவு. சைட்டில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் சொல்லித்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். அப்படிச் சொல்லி அனுப்புகிறவருக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறோம். தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எவ்வளவு தருகிறீர்கள்?

துணை ஒப்பந்தக்காரர் ஒருவரை அனுப்பினால் 50 பவுண். ஆள் வைத்து மாத அறிக்கை போடும் ஒப்பந்தக்காரர் என்றால் 150 பவுண். வருகிறவருக்கும் முதல் வருட வரிக் கணக்குக் கட்டணத்தில் 25 பவுண் குறைப்போம். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரியாமலே பலர் வருகிறார்கள்.

எப்போது கைக்கு வரும்?

நண்பர் இரண்டாவது மாதக் கட்டணம் கட்டிய பிறகு, அதே மாதக் கடைசிக்குள். வங்கிக் கணக்கில் வாங்கலாம், அல்லது உங்கள் அடுத்த கட்டணத்தில் கழிக்கச் சொல்லலாம். அதற்கு முன்னரே அவர் விலகிவிட்டால் பரிசு இல்லை. வாங்கிய பிறகு விலகினால் திருப்பிக் கேட்க மாட்டோம்.

யாரையெல்லாம் அனுப்பலாம்? எல்லா வேலையும் சி.ஐ.எஸ். தானா?

மேசன், பூச்சு வேலை, டைல், பெயின்ற், கூரை, தச்சு, பிளம்பிங், மின்சார வேலை, இடிப்பு வேலை, சாரம் கட்டுதல் எல்லாம் உள்ளே வரும். கார்ப்பெற் விரிப்பது வராது. சாமான் கொண்டுவந்து இறக்குவது மட்டும் என்றால் வராது. வரைபடம், நில அளவை போன்றவையும் வெளியே. ஆள் இல்லாமல் சாரத்தை மட்டும் வாடகைக்குக் கொடுப்பதும் அப்படித்தான்.

இன்னொன்று, தன் வீட்டு அடுப்படியை மாற்றிக் கட்டுவிக்கும் வீட்டுக்காரர் சி.ஐ.எஸ். ஒப்பந்தக்காரர் ஆகமாட்டார். உங்கள் நண்பர் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நேரடியாக வேலை செய்கிறவர் என்றால் அவர் காசில் யாரும் 20 வீதம் பிடிக்கப் போவதில்லை. அவருக்கு வருட வரிக் கணக்கு மட்டும் போதும். அதற்கும் வரலாம், பரிசும் உண்டு. தேவையில்லாத சேவையை அவர் தலையில் கட்ட மாட்டோம்.

நண்பர் இன்னும் சி.ஐ.எஸ்.இல் பதிவே செய்யவில்லை. முதலில் பதிவா, உங்களிடம் வருவதா?

முதலில் பதிவு. எங்களிடம் வராவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். எச்.எம்.ஆர்.சி. அதற்குக் காசு கேட்பதில்லை. நாங்கள் செய்து கொடுத்தாலும் பதிவுக்கென்று தனிக் கட்டணம் எடுப்பதில்லை.

ஏன் அவசரம் என்றால், பதிவு செய்தவரின் கூலியில் ஒப்பந்தக்காரர் 20 வீதம் பிடிப்பார்; பதிவில்லாதவரிடம் 30 வீதம். அந்தக் காசு எங்கேயும் தொலைந்து போவதில்லை, வருட முடிவில் உங்கள் வரியில் கழிபடும். ஆனால் அதுவரைக்கும் அது அரசாங்கத்திடம் கிடக்கும், வாடகை நீங்கள் கட்டவேண்டும்.

ஒரு டைல்காரரின் கதையைச் சொல்கிறேன். பழைய பிஸ்கற் ரின் ஒன்றுக்குள், ஒப்பந்தக்காரர் எவ்வளவு பிடித்தார் என்று எழுதித் தரும் பிடித்தப் பத்திரங்களையும் பற்றுச்சீட்டுகளையும் அமுக்கிக் கொண்டு வந்து மேசையில் கொட்டினார். அவர் பதிவு செய்தவர்தான். ஆனால் பத்திரம் ஒவ்வொன்றிலும் 'வி' எழுத்தில் தொடங்கும் ஒரு சரிபார்ப்பு எண் இருந்தது. அந்த எண் பத்திரத்தில் ஏறினால் கூடின வீதத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவருடைய யூ.டி.ஆர். (எச்.எம்.ஆர்.சி. கொடுக்கும் தனிப்பட்ட வரி எண்) கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பத்து இலக்கத்தில் ஆறாவதும் ஏழாவதும் இடம் மாறியிருந்தன. யாரோ அவசரத்தில் தட்டச்சுச் செய்த பிழை. எச்.எம்.ஆர்.சி.இல் சரிபார்த்தபோது ஆள் பொருந்தவில்லை, அதனால் 30 வீதம். கிழமைக்கு 750 பவுண் கூலியில் 150க்குப் பதில் 225 போயிருக்கிறது. முப்பது கிழமைக்கு 2,250 பவுண். "சம்பளம் குறைஞ்சுபோச்சு எண்டுதான் நினைச்சன்" என்றார் மனுசன். வருட வரிக் கணக்கு போட்ட பிறகு காசு திரும்பி வந்தது. ஆனால் அந்த ஏழு மாதமும் அவர் மனைவி இரட்டை வேலை செய்தார்.

ஆகவே நண்பரிடம் பரிசைப் பற்றிக் கதைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கடைசியாக வந்த பிடித்தப் பத்திரத்தைக் கையில் எடுக்கச் சொல்லி, யூ.டி.ஆர். எண்ணைக் கடிதத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

வரி திரும்பக் கிடைக்கும் என்று சொல்லி நண்பரைக் கூட்டி வரலாமா? உண்மையிலேயே எவ்வளவு வரும்?

தொகை சொல்லிக் கூட்டி வராதீர்கள். ஒவ்வொருவருக்கும் வேறு. ஒரு கணக்கைப் பாருங்கள், அப்போது விளங்கும்.

2025-26 வரி வருடத்தில் ஒருவருக்குக் கூலி 24,000 பவுண், வேறு வருமானம் இல்லை என்று வைப்போம். 20 வீதப்படி 4,800 ஏற்கெனவே பிடித்தாயிற்று. கருவி, வான், பாதுகாப்பு உடை, காப்புறுதி என்று 3,000 செலவு. மிச்சம் 21,000. இதில் 12,570 வரை வரி இல்லை. மீதி 8,430க்கு 20 வீத வருமான வரி 1,686. அதே தொகைக்கு 6 வீதத் தேசிய காப்புறுதி 505 பவுண் 80 பென்ஸ். மொத்தம் 2,191 பவுண் 80. பிடித்த 4,800இல் இதைக் கழித்தால் 2,608 பவுண் 20 திரும்பி வரும்.

இது நாங்கள் வாங்கிக் கொடுக்கும் காசு இல்லை, அவருடைய சொந்தக் காசு. கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவுதான். செலவுக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் தொகை இறங்கும். வேறு சம்பள வேலையும் இருந்தால், வரியில்லாத 12,570 அங்கேயே முடிந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் காசு கட்டவேண்டியும் வரலாம். "எங்களிடம் வந்தால் 3,000 நிச்சயம்" என்று யாராவது சொன்னால், உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல் அது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.

என் மருமகன் மாணவர் விசாவில் வந்திருக்கிறான், சனி ஞாயிறு சைட்டுக்குப் போகிறான். அவனை அனுப்பட்டுமா?

அனுப்ப வேண்டாம். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை, சி.ஐ.எஸ். என்பது சுயதொழில். பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சம்பளப் பட்டியலில் பெயர் போட்டு, முதலாளியே சம்பளத்தில் வரியைப் பிடித்துக் கட்டும் பி.ஏ.வை.ஈ. முறையில் செய்யும் வேலைக்கு மட்டும்தான். "எல்லோரும் செய்கிறார்கள் மாமா" என்பான். யூ.டி.ஆர். எடுத்து சி.ஐ.எஸ்.இல் வேலை செய்தால் அது அவன் பெயரில் எழுத்தில் நிற்கும். பிறகு விசா நீட்டிக்கப் போகும்போது அந்த எழுத்துத்தான் முன்னால் வந்து நிற்கும். அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவருக்கும் இதேதான். வேலை அனுமதி கிடைத்திருந்தாலும் அதில் சுயதொழில் சேராது.

இப்படி வருகிறவர்களை நாங்கள் பதிவு செய்வதில்லை. பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்பி வைத்த வீட்டுக்காரரின் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன்.

நண்பர் பி.ஏ.வை.ஈ. சம்பளத்தில் இருக்கிறார். முதலாளி "சி.ஐ.எஸ்.க்கு மாறு, கை நிறையக் காசு" என்கிறாராம். அவர் மாறினால் பரிசு உண்டா?

அவர் மாறுவது சரியா என்று பார்த்த பிறகுதான் பரிசைப் பற்றிக் கதைக்கலாம். எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன செய்யவேண்டும், எப்படிச் செய்யவேண்டும் எல்லாம் முதலாளியே சொல்கிறார், கருவி அவருடையது, தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியாது, வேலை பிழைத்தால் சொந்தச் செலவில் திருத்த வேண்டியதில்லை. இப்படியானால் அந்த மனிதர் தொழிலாளிதான். காகிதத்தில் சுயதொழில் என்று எழுதினால் அது மாறாது. இடையில் ஏஜென்சி இருந்தால், மேற்பார்வையும் கட்டளையும் கட்டுப்பாடும் உள்ள வேலைக்கு பி.ஏ.வை.ஈ. முறையில் வரி பிடிக்கவேண்டும் என்ற சட்டம் 2014 ஏப்ரலிலிருந்து கடுமையாகவே இருக்கிறது.

கை நிறையக் காசு என்பது முதல் மாதத்தில் உண்மை போலத்தான் தெரியும். வருடத்துக்கு 5.6 கிழமைச் சம்பளத்தோடு வரும் விடுமுறை போய்விடும். சுகமில்லாத நாள் சம்பளம் இல்லை. முதலாளி போட்ட ஓய்வூதியப் பங்கும் நின்றுவிடும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகும், வேலையின் தன்மை உண்மையாகவே சுயதொழில் என்றால் வரட்டும்.

வேறு ஒரு இடத்தில் ஆளுக்கு 200 பவுண் தருகிறார்கள். நீங்கள் ஏன் 50 மட்டும்?

எங்கள் கட்டணத்தில் அதற்கு மேல் இடமில்லை. பரிசைக் கூட்டினால் அது வருகிறவரின் கட்டணத்தில்தான் ஏறும். உங்கள் நண்பரின் கையிலிருந்து எடுத்து உங்கள் கையில் தருவதற்கு ஒரு நிறுவனம் எதற்கு?

200 தருகிறவர்கள் எல்லோரும் பிழையானவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உழைப்பில் 85, 90 வீதம் கைக்கு வரும் என்று சொல்கிற இடமாக இருந்தால் விலகி நில்லுங்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைக் கடன், முற்பணம் என்று பெயர் மாற்றித் தரும் திட்டங்களைப் பற்றி எச்.எம்.ஆர்.சி. பல வருடங்களாக எச்சரித்து வருகிறது. பிடிபட்டால் வரி வேலை செய்தவரிடம்தான் கேட்கப்படும். அப்போது நண்பர் முதலில் தேடுவது, கூட்டிக் கொண்டு போய் விட்ட உங்களைத்தான்.

நான் போர்மன். என் கீழே பதினான்கு பேர். எல்லோரையும் உங்களிடம் கொண்டுவந்தால் 700 பவுண் தருவீர்களா?

இல்லை. இதை முகத்துக்கு நேரே சொன்னபோது சிலர் கோபித்துக் கொண்டார்கள், ஆனாலும் இல்லை. கீழே வேலை செய்பவருக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இருக்கும்போது, "இவர்களிடம் கணக்கைக் கொடு" என்று நீங்கள் சொன்னால் அது யோசனை இல்லை, கட்டளை. அவர் மனதில் பயம் இருக்கும். நிறுவனத்துக்குத் தெரியாமல் இப்படிக் காசு வாங்குவது 2010ஆம் ஆண்டின் லஞ்சச் சட்டம் வரைக்கும் போகலாம். அது வாங்குகிறவரோடு நிற்காது, கொடுக்கிற எங்களையும் பிடிக்கும்.

உங்கள் ஆட்களில் யாராவது தாமாகக் கேட்டால் எங்கள் எண்ணைக் கொடுங்கள். பரிசுக்குப் பதிலாக அவர்களின் கட்டணத்தில் இன்னொரு 25 பவுண் குறைக்கிறோம். அது உங்கள் பெயருக்கும் நல்லது.

இந்தப் பரிசுக்கு வரி கட்டவேண்டுமா?

நீங்கள் சுயதொழில்காரர் என்றால் 50 பவுணை வருமானத்தில் ஒரு வரியாக எழுதுங்கள். 1,000 பவுண் வரை சின்ன வருமானத்துக்கு வரி இல்லை என்று ஒரு சலுகை இருக்கிறது, சரி. ஆனால் அது எல்லாத் தொழில் வருமானத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். கருவி, வான் செலவைக் கழிக்கிற நீங்கள் அதே வருடத்தில் அதையும் எடுக்க முடியாது. கட்டணத்தில் கழித்துக் கொண்டால் கணக்கு இன்னும் சுலபம்: எங்களுக்குக் கட்டிய தொகை குறையும், செலவாக அந்தக் குறைந்த தொகையை எழுதுவீர்கள். தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

சம்பள வேலை மட்டும் செய்கிறவர், வேறு தொழில் இல்லை என்றால், இப்படி வரும் காசு எல்லாம் சேர்த்து வருடத்தில் 1,000 பவுணுக்குள் இருக்கும்வரை அறிவிக்கவும் தேவையில்லை, வரியும் இல்லை. வரி வருடம் ஏப்ரல் 6 தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 வரை என்பது நினைவிருக்கட்டும்.

பரிசிலும் 20 வீதம் பிடிப்பீர்களா?

மாட்டோம். சி.ஐ.எஸ். பிடித்தம் கட்டட வேலைக்கான கூலிக்குத்தான். ஆளை அறிமுகப்படுத்துவது கட்டட வேலை இல்லை.

நான் வாட் (பெறுமதி சேர் வரி) பதிவு செய்தவன்?

அப்படியானால் 50 பவுணும் வாட் 10 பவுணுமாக 60க்கு விலைச்சீட்டு அனுப்புங்கள், தருகிறோம். 2021 மார்ச் 1 முதல் கட்டட வேலையில் வாட்டை வாங்குகிறவரே கணக்கில் காட்டும் முறை வந்ததே, அதை இதற்குப் போடாதீர்கள். மேலே சொன்ன அதே காரணம்தான்.

ஒப்பந்தக்காரர் ஒருவரை அனுப்ப நினைக்கிறேன். அவரிடம் என்ன சொல்ல?

தேதிகளைச் சொல்லுங்கள், அது போதும். சி.ஐ.எஸ். மாதம் 6ஆம் தேதி தொடங்கி அடுத்த 5ஆம் தேதி முடியும். 19ஆம் தேதிக்குள் மாத அறிக்கை போகவேண்டும், வேலை செய்தவர்களுக்குப் பிடித்தப் பத்திரமும் அதே நாளுக்குள் கொடுக்கவேண்டும். இணையவழியில் காசு கட்ட 22 வரை நேரம். அறிக்கை ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண் அபராதம். இரண்டு மாதம் பிந்தினால் இன்னும் 200. ஆறு மாதம் ஆனால் 300 அல்லது பிடித்த தொகையில் 5 வீதம், எது கூடவோ அது. இதெல்லாம் ஒரே ஒரு மாத அறிக்கைக்கு. மூன்று மாத அறிக்கையை வானின் முன்சீட்டில் போட்டு வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை கெட்டிக்காரத்தனமாகச் செய்வார்கள், காகிதத்தைக் கண்டால் மட்டும் கை நடுங்கும்.

சாமான் காசிலும் சேர்த்து 20 வீதம் பிடிக்கிறாரா என்றும் கேளுங்கள். துணை ஒப்பந்தக்காரர் தன் காசில் வாங்கிய சாமானுக்குப் பிடிக்கக் கூடாது. கூலி 600, சாமான் 400 என்றால் பிடித்தம் 120, 200 இல்லை. இந்தப் பிழையால் எத்தனையோ பேர் கிழமைக் கிழமை வீணாகக் குறைந்த காசோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

நண்பரின் தொலைபேசி எண்ணைத் தரட்டுமா? நீங்களே எடுத்துக் கதைக்கிறீர்களா?

வேண்டாம். எங்கள் எண்ணை அவருக்குக் கொடுங்கள், அவரே எடுக்கட்டும். கேட்காத ஆளுக்கு நாங்கள் செய்தி அனுப்புவது சட்டப்படியும் சரியில்லை. யூ.டி.ஆர்., தேசிய காப்புறுதி எண், கடவுச்சீட்டுப் படம் இவற்றை உங்கள் வாட்ஸ்அப் வழியாக எங்களுக்கு அனுப்பவே வேண்டாம். சைட் குழுவில் ஒருவரின் யூ.டி.ஆர். படம் கிடந்ததை நானே கண்டு, அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மனைவி, தம்பி, மச்சான் எல்லாம் கணக்கில் வருவார்களா?

அவர்கள் உண்மையாகவே வேலை செய்து, அவர்கள் பெயரில் கணக்கு இருந்தால் வருவார்கள். வேலை செய்யாத மனைவி பெயரில் கூலியைப் பிரித்து எழுதக் கேட்டால் செய்ய மாட்டோம்.

ஒரே ஆளை நானும் அனுப்பினேன், இன்னொருவரும் அனுப்பினார். பரிசு யாருக்கு?

வருகிறவர் முதல் நாள் யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு. இரண்டு பெயர் சொன்னால் பாதிப் பாதி.

நண்பர் முதல் நாள் என்ன கொண்டுவரவேண்டும்?

கடவுச்சீட்டு அல்லது விசா நிலையைக் காட்டும் இணையக் குறியீடு, முகவரிக்கு ஒரு கடிதம், தேசிய காப்புறுதி எண், யூ.டி.ஆர். கடிதம், ஏப்ரல் 6 முதல் வந்த பிடித்தப் பத்திரங்கள் எல்லாம், வங்கி அறிக்கை. ஆளை அடையாளம் காண்பது பணச்சலவைத் தடுப்பு விதிப்படி எங்கள் கடமை; சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம். பத்திரம் ஏதும் தொலைந்திருந்தால் ஒப்பந்தக்காரரிடம் திரும்பக் கேட்கலாம், கேட்கும் கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவர வேண்டும் என்றில்லை. பையோடு கொண்டுவரட்டும், மேசையில் கொட்டிச் சேர்ந்தே பிரிப்போம். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் நேரம் கூட இருக்கும்.